ஏழாவது பின்

சேதராப்பட்டில், மூடிப்போன சோப்புக் கம்பெனிக் கொட்டகையில்
கஸ்பார் முசியே ஒரு விமானம் கட்டுகிறார்.
நாலு பேர் உட்காரலாம்.
உட்கார்ந்தால் முட்டி நெஞ்சில் இடிக்கும்.
கதவுக்குப் பின் கடைந்து கொடுத்தது நான்.
ஏழு பின்.
மேட்டுப்பாளையத்தில் என் லேத்தில்,
முனை மட்டும் கூம்பி,
எழுதித் தேய்ந்த சிலேட்டுக் குச்சி மாதிரி.

பில் போடும்போதுதான் கேட்டேன்:
கார் கதவுக்கு ஒரு கொக்கி போதுமே,
இதற்கெதற்கு இத்தனை?

சாக்பீஸால் தரையில் கதவை வரைந்தார்.
அகலம் இரண்டடி, உயரம் மூன்றடி.
மேலே போனதும் உள்ளே அடைத்த காற்று
வெளியே போகப் பார்க்கும்,
சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு.
கால்குலேட்டரைத் தட்டினேன்.
இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு.
தேங்காய்த்திட்டிலிருந்து ஐஸும் மீனுமாக வரும் குட்டியானை
உள்பக்கமிருந்து கதவில் சாய்ந்து நிற்கிறது.
ஹாரன்கூட அடிக்காமல்.

என் வீட்டில் இருப்பது உள்மூடி குக்கர்.
ஆவி ஏற ஏற மூடி தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும்.
பெரிய விமானக் கதவுகள் பல அந்த ஜாதிதான் என்றார்.
இதில் உள்ளே இடமில்லை.
வெளியே திறக்கிற கதவு.
இதற்குக் காற்று உறவுக்காரன் இல்லை.
பின் விட்டுப்போனால்
பின் என்று ஒன்றும் இல்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய், கரண்ட் போய் வந்த இரவு,
பெயின்ட் கம்ப்ரஸரை மாட்டி
தரையிலேயே காற்றேற்றிப் பார்த்தோம். உள்ளே ஆளில்லை.
பச்சை விளக்கு.
நஸ்ருல்லா கட்டைவிரலைக் காட்டினான்.
ஒன்று.
ஒன்றரை.
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம்,
எனக்கு மட்டும் கேட்டது.
நிறுத்து என்றேன்.

கதவின் உள்தகடு இன்னும் மாட்டவில்லை.
ஜன்னல் வழியே டார்ச் அடித்தால்
கீழ் மூலையில் ஏழாவது பின்
மூன்று மில்லிதான் போயிருக்கிறது.
பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே சீட் பெல்ட்டின் வால்.
இழுக்கும் கம்பி வளைந்து கொடுத்துவிட்டது,
கைப்பிடிக்கு ஒன்றும் தெரியவில்லை.

விளக்கு பொய் சொல்லவில்லை.
கைப்பிடி திரும்பியதா என்று கேட்டிருந்தோம்.
திரும்பியது என்றது.
பின் போய்ச் சேர்ந்ததா என்று
யார் கேட்டோம்?

பெல்ட்டை எடுத்துவிட
நஸ்ருல்லாவின் கை கைப்பிடிக்குப் போயிற்று.
நான் கத்தினேன். முசியே கத்தினார், பிரெஞ்சில்.
முள் இன்னும் அரையில் நின்றது.
அரைதானே அக்கா.
அரை என்றால் நாலு மூட்டை சிமென்ட்டுடா,
உன் மூஞ்சிக்கு நேரே.
விசில் அடங்காத குக்கரை உன் பொண்டாட்டி திறப்பாளா?

கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டான்.
முள் சைபருக்கு வரும்வரை ஒருவரும் பேசவில்லை.
வெளியே ஏதோ லாரி
ரிவர்ஸ் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது.

இப்போது ஏழு சுவிட்ச்,
ஒவ்வொரு பின்னும் போய் முட்டுகிற இடத்தில்.
ஒன்று முட்டாவிட்டாலும் பச்சை வராது, காற்றும் ஏறாது.
உள்ளே காற்று மிச்சமிருந்தால் கைப்பிடி அசையாது.
சுவிட்சையும் நம்பாதவர்களுக்குக்
கதவில் பொத்தான் அளவு ஏழு ஜன்னல்.
பின்முனைகளில் என் நெயில் பாலிஷால் கோடு இழுத்தேன்.
நிறம் முசியேவுக்குப் பிடிக்கவில்லை.

முதல் பறப்பில் ஒரு சீட் உனக்கு என்றார்,
இலாசுப்பேட்டையில் ஏறி, கடலூரைச் சுற்றி.
பார்க்கலாம் என்றேன்.
டெல்லியிலிருந்து காகிதமே வரவில்லை.
பழைய பின்களுக்கு நாலாயிரத்து இருநூறு பாக்கி.

அன்று ராத்திரி தாழ்ப்பாள் போட்டுப் படுத்தவள்
எழுந்து போய் விளக்கைப் போட்டு
ஓட்டைக்குள் போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.
போயிருந்தது.
படுத்தேன்.
மறுபடி எழுந்தேன்.